ஹார்ட் டிஸ்க்கைப் பேணலும் மாற்றலும்

வாணியம்பாடிக்கு அண்மையிலுள்ள உதயேந்திரம் என்னும் சிற்றூரில் பல்லவர் காலத்தனவும் சோழர் காலத்தனவுமாகிய செப்பேடுகள் கிடைத்தமையைச் சரித்திரம் பயிலும் மாணவர் அறிவர். பழங்காலத்தோர் செப்பேடுகளில் துளையிட்டு, அவற்றை ஒரு வளையத்திற் கோத்து, வளையத்தின் இரு முனைகளையும் முத்திரையால் மூடி வைத்தனர். முத்திரையை உடைத்தாலன்றி ஓர் ஏட்டைக் கழற்றவோ புதிதாய் ஒன்றைச் சேர்க்கவோ ஒருவராலும் இயலாது. எழுதியதைக் காத்தலோடு, எழுதிய பொருளில் யார் எப்பொழுது கை வைத்தனர் என்பது புலப்பட வேண்டும் என்னும் கருத்தும் அவர்களுக்கு இருந்தது. அதே வட்டாரத்தில் இன்று எழுதப்படும் கணக்குகள் செம்பிலும் இல்லை, காகிதத்திலும் பெரும்பாலும் இல்லை. ஹார்ட் டிஸ்க் என்னும் ஒரு சிறு பெட்டிக்குள் இருக்கின்றன. அப்பெட்டி எவ்வாறு கெடுகின்றது, கெட்டவிடத்து அதனை எவ்வாறு மாற்றுதல் வேண்டும் என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இது கம்ப்யூட்டர் பழுது பார்ப்போர்க்கு மட்டும் உரிய பொருள் என எண்ணுதல் தவறு. ஆம்பூர்ச் செருப்புத் தொழிற்சாலையொன்றில் இருபது ஆண்டு உழைத்த ஒரு பெண்மணி, தமக்குரிய வருங்கால வைப்புநிதியைப் பெறச் செல்லுங்கால், அவர் எந்நாளில் வேலைக்குச் சேர்ந்தார், எவ்வளவு கூலி பெற்றார் என்பதற்குச் சான்று யாது? அலுவலகத்து மூலையில் இரைந்துகொண்டிருக்கும் ஓர் இயந்திரமே சான்று. வேலூர் மருத்துவமனைகளில் எடுக்கப்பெறும் எக்ஸ்ரே படங்கள் இன்று பிலிமில் பதியப்படுதல் அருகிவிட்டது. பாலாற்றுப் பகுதியின் தோற்கழிவைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அளித்த தீர்ப்பினைத் தொடர்ந்து வலுப்பெற்ற சுத்திகரிப்பு நிலையங்களில், நீரின் தன்மையைக் காட்டும் எண்களும் இத்தகைய இயந்திரங்களிலேயே சேமிக்கப்படுகின்றன. டிஸ்க் ஒன்று போயிற்று எனின், போனது அதன் விலையாகிய சில ஆயிரம் ரூபாய் அன்று.

முதலில் அதன் உள்ளமைப்பைச் சிறிது காண்போம். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனியார் வெளியிட்ட முதல் டிஸ்க் இயந்திரம், இருபத்துநான்கு அங்குல விட்டமுள்ள 50 தகடுகளைக் கொண்டது. ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ளது. அது தாங்கிய செய்தியின் அளவோ, இன்று நம் கைப்பேசியில் எடுக்கும் இரண்டொரு புகைப்படத்திற்கே போதும். இக்காலத்து டிஸ்க்கில் தகடுகள் மூன்றரை அங்குல வகை எனப்படும் பெட்டிக்குள் அடங்கி, பெரும்பாலும் நிமிஷத்துக்கு 7200 முறை சுழல்கின்றன. அவ்வேகத்தில் தகட்டின் விளிம்பு மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் ஓடுகின்றது. காட்பாடி வழியே செல்லும் விரைவு ரயில் வண்டிக்கு இது தோற்பதன்று. அத்தகட்டின்மேல் படித்தலும் எழுதுதலும் செய்யும் முனையானது, தகட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கின்றது. நம் தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறத்தாழ 70,000 நானோமீட்டர். ஆகவே, அடுப்புப் புகையின் ஒரு துகளும் அம்முனைக்கு வழியில் கிடக்கும் பாறை போன்றது. டிஸ்க்கின் மூடியைத் திருகாணி கழற்றித் திறந்து பார்க்கும் ஆசை இளைஞர் பலருக்கு உண்டு. திறந்த கணமே அது உயிர்விட்டது என்று கொள்ளலாம். மூடியிலுள்ள சிறு துளையும் அழுக்கு என எண்ணி அடைக்கத் தக்கதன்று. அது வடிகட்டியோடு கூடிய மூச்சுத்துளை. 2013ஆம் ஆண்டு முதல் ஹீலியம் என்னும் வாயு நிரப்பி முற்றும் மூடப்பெற்ற டிஸ்க்குகளும் வழக்கில் உள்ளன. அவற்றில் அத்துளை இராது.

இனி, இவ்வட்டாரத்துக்கே உரிய தொல்லை ஒன்றுண்டு. அதனைச் சற்று விரித்துரைப்போம்.

தோல் ஷாப்புகளில் தோலின் மயிரை நீக்குதற்குச் சுண்ணாம்பும் ஸோடியம் ஸல்பைடும் சேர்ந்த நீரில் தோலை ஊறவைப்பர். அந்நீர், பின்னர்ப் பயன்படும் அமிலம் கலந்த நீரோடு கழிவுக்கால்வாயிலோ தொட்டியிலோ கலக்குமாயின், ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் வாயு எழும். அழுகிய முட்டையின் நாற்றமே அதன் நாற்றம். இவ்வூர்களில் மகளிர் அணியும் வெள்ளிக்கொலுசு விரைவிற் கறுத்துப்போதலைப் பலரும் கண்டிருப்பர். வெள்ளியும் கந்தகமும் கூடி வெள்ளி ஸல்பைடு ஆதலே அக்கறுப்பு. கொலுசைப் புளியிட்டுத் தேய்த்தால் மீண்டும் வெளுக்கும். டிஸ்க்கின் மின்பலகையை அவ்வாறு தேய்க்க இயலாது. அப்பலகையிலுள்ள சிறு மின்தடைகளுக்குள்ளும் வெள்ளி உண்டு. பலகைமேல் மெல்லிய வெள்ளிப் பூச்சிடுதலும் உண்டு. 2006ஆம் ஆண்டு ஜூலை முதல் ஐரோப்பாவில் மின்கருவிகளில் ஈயத்தை நீக்கச் சட்டம் வந்தபின், ஈயம் கலந்த பூச்சுக்குப் பதிலாக வெள்ளிப் பூச்சுப் பெருகிற்று. உலகமெங்கும் ஒரே வகைப் பலகைகளே விற்கப்படுதலின், அது நம் ஊருக்கும் வந்தது. கந்தக வாயு மிக்க இடங்களில் அப்பூச்சின் ஓரத்திலிருந்து செம்பு ஸல்பைடு கறையானைப்போல் ஊர்ந்து பரவி, பிரிந்து நிற்க வேண்டிய இரு கம்பிகளை இணைத்துவிடுகின்றது. மின்தடைக்குள்ளிருக்கும் வெள்ளியோ தின்னப்பட்டு, இணைந்து நிற்க வேண்டிய மின்னோட்டம் அறுகின்றது. தகடும் முனையும் நன்னிலையில் இருக்கவே, டிஸ்க் ஊமையாகிவிடும்.

உப்பும் இதற்கு உடந்தை. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் கெடாதிருக்க உப்பிடப்பட்டே வருகின்றன. ஷாப்பில் அவற்றை உதறுங்கால் உப்புத்தூள் காற்றிற் பறக்கின்றது. காற்றின் ஈரம் நூற்றுக்கு 75 பங்குக்கு மேற்படுங்கால் கறியுப்புத் தானே நீரை உறிஞ்சிக் கரையும் என்பது ரஸாயன மாணவர் அறிந்ததே. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஸெர்வர் அறையின் ஜன்னலைத் திறந்து வைப்போர், பலகையின்மேல் படிந்த உலர்ந்த தூளை உப்புநீராக மாற்றுகின்றனர். வேலூர்க் கோடை நாற்பது டிகிரியைத் தாண்டுதலால், வெப்பத்தையே எல்லோரும் அஞ்சுவர். வெப்பமும் தீதே, டிஸ்க்கின் வெப்பம் 60 டிகிரிக்கு மேற்படலாகாது என்பது பெரும்பாலான கம்பெனியார் விதிக்கும் எல்லை. ஆயினும் ஈரமும் வாயுவும் அதனினும் வஞ்சகமானவை. இவை வியர்வையாக நமக்குத் தெரிவதில்லை.

பரிகாரம் யாது? குளிர்சாதனக் கருவி காற்றைக் குளிர்விக்குமேயன்றிக் கந்தக வாயுவை நீக்காது. அதற்கெனக் கிளர்வூட்டிய கரி அடைத்த வடிகட்டி வேண்டும். அறையின் வாயில் தொட்டிகளிருக்கும் முற்றத்தை நோக்காதிருத்தல் வேண்டும். காற்றின் நிலையை அறிய எளிய வழி ஒன்றுண்டு: துலக்கிய செப்புத்துண்டு ஒன்றும் வெள்ளித்துண்டு ஒன்றும் அறையில் முப்பது நாள் தொங்கவிட்டு, அவற்றின்மேல் படிந்த கறையின் கனத்தை ஆய்வுக்கூடத்தில் அளத்தல். செம்பின்மேல் மாதத்துக்கு 30 நானோமீட்டருக்கும், வெள்ளியின்மேல் 20 நானோமீட்டருக்கும் குறைவாயின் அறை நன்று என்பது இத்துறையாளர் ஒப்புக்கொண்ட அளவு. அளக்கும் வசதியில்லாதார் வெள்ளித்துண்டின் நிறத்தை வாரந்தோறும் பார்த்தாலும் ஒருவாறு அறியலாம். இவ்வாயு மிகுந்தவிடத்து மனிதருக்கே நஞ்சு என்பதையும், மிக மிகுந்தால் மூக்கு அதன் நாற்றத்தை உணரும் ஆற்றலையே இழந்துவிடும் என்பதையும் இடையே சொல்லிவைக்கின்றோம். கழிவுத்தொட்டியில் இறங்கி மாண்டவரைப் பற்றிய செய்தி இவ்வட்டாரத்தார்க்குப் புதிதன்று. பெட்டியைக் காக்க வடிகட்டி வாங்கும் முதலாளி, தொட்டியருகே நிற்பவரைக் காக்கவும் அதே கணக்கில் செலவெழுதுதல் தகும்.

டிஸ்க் நோயுறுங்கால் முன்னறிவிப்புத் தருமா எனின், சில வேளை தரும். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றுண்டு. ஸ்மார்ட் என்பது அதன் பெயர். அதிற் பல எண்கள் இருப்பினும், மாற்றி அமைக்கப்பட்ட பகுதிகளின் தொகை, படிக்க முடியாது நிலுவையிலுள்ள பகுதிகளின் தொகை ஆகிய இரண்டையும் முதன்மையாக நோக்கினால் போதும். சுழியாயிருந்த எண் ஒன்றாயினமையே எச்சரிக்கை. கூகிள் நிறுவனத்தார் இலட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், சோதனையில் முதற்பிழை கண்ட டிஸ்க், பிழை காணாத டிஸ்க்கைவிட, அடுத்த 60 நாட்களுக்குள் கெடும் வாய்ப்பு 39 மடங்கு எனக் கண்டனர். அதே ஆராய்ச்சியில், கெட்டுப்போனவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை முதன்மையான நான்கு அறிகுறிகளில் ஒன்றையும் காட்டாமலே கெட்டன எனவும் கண்டனர். ஆதலின் ஸ்மார்ட் குற்றம் சொன்னால் நம்புக. குற்றமில்லை என்றால் நம்பற்க. ‘டக், டக்’ என்று ஓசை எழும் டிஸ்க்கைப் பலமுறை அணைத்து அணைத்து ஏற்றிப் பார்த்தல், கால் முறிந்தவனை நடக்கச் சொல்லிச் சோதிப்பதை ஒக்கும். வேறு பிரதி இல்லாவிடின், அதனை உடனே நிறுத்தி, தேர்ந்தாரிடம் கொடுத்தலே செயற்பாலது.

ஒன்று கெட்டாலும் செய்தி போகாதிருக்க, பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் முறைக்கு ரெயிட் என்பது பெயர். கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்ஸன், காட்ஸ் என்னும் மூவர் 1988ஆம் ஆண்டில் அப்பெயரிட்டு அதனை விளக்கினர். அதன் உட்பொருளைச் சிறு கணக்கால் உணரலாம். மூன்று டிஸ்க்குகளில் 4, 9, 6 என்னும் எண்களும், நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகையாகிய 19உம் உள்ளன என்க. இரண்டாவது கெட்டுவிட்டது. 19லிருந்து 4ஐயும் 6ஐயும் கழிக்க 9 வருகின்றது. போன எண் மீண்டது. இயந்திரம் செய்வது வெறுங் கூட்டலன்றாயினும், கருத்து இதுவே. இரண்டு டிஸ்க்குகள் ஒருசேரக் கெடின், எஞ்சியவற்றைக்கொண்டு ஒன்றும் மீட்க இயலாமையும் இக்கணக்காலேயே விளங்கும். ஒன்று கெட்டு, மற்றொன்று வைக்கப்பட்டுப் பழைய எண்கள் மீண்டும் எழுதி முடியும்வரை, நாம் மெல்லிய கயிற்றின்மேல் நடக்கின்றோம். எட்டு டெராபைட் டிஸ்க்கை வினாடிக்கு 150 மெகாபைட் வீதம் நிரப்பினாலும் ஏறத்தாழ 15 மணி நேரம் வேண்டும். அலுவலக வேலையும் உடன் நடப்பின் அது இரண்டு மூன்று நாளாகவும் கூடும். அக்காலமெல்லாம் எஞ்சிய டிஸ்க்குகள் ஓய்வின்றி உழைக்கின்றன. அவையும் பெரும்பாலும் ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கப்பட்டு, ஒரே காற்றைச் சுவாசித்தவை. பெரிய டிஸ்க்குகளுக்கு, இரண்டு கெடினும் தாங்கும் ஆறாம் வகை ரெயிட் ஏற்றது என அறிந்தோர் கூறுதல் இதுபற்றியே.

மாற்றும் வேலையில் நேரும் கேடுகளுள் தலையாயது, கெட்டதை விட்டு நல்லதைக் கழற்றுதல். நான்கில் ஒன்று கெட்ட நிலையில் நல்லதொன்றையும் உருவினால், மேற்கூறிய கணக்கின்படி யாவும் நின்றுவிடும். இத்தவறு நேர்தற்குக் காரணம் அறியாமையன்று, எண்ணும் முறையில் உள்ள வேற்றுமையே. திரையில் ‘டிஸ்க் 2’ எனக் காட்டுவது, சுழியிலிருந்து எண்ணப்பட்டதா, ஒன்றிலிருந்து எண்ணப்பட்டதா? இடமிருந்து வலமா, மேலிருந்து கீழா? ஆதலின் இடத்தின் எண்ணை நம்பாது, ஒவ்வொரு டிஸ்க்கின்மேலும் அச்சிடப்பட்ட வரிசை எண்ணை நம்புதல் வேண்டும். இயந்திரத்தை முதன்முதல் அமைக்கும் நாளிலேயே, எந்த அறையில் எந்த எண்ணுள்ள டிஸ்க் உள்ளது எனத் தாளில் எழுதி, இயந்திரத்தின்மேல் ஒட்டிவைத்தால், ஆறாண்டு கழித்து நள்ளிரவில் வரும் ஒருவர் அதனை எழுதியவரை வாழ்த்துவார். டிஸ்க்கின் விளக்கை மினுக்கச் செய்யும் கட்டளை இருப்பின் அதனையும் பயன்படுத்துக. கழற்றுமுன், இருவர் நின்று, ஒருவர் திரையிலுள்ள எண்ணை உரக்கப் படிக்க மற்றவர் பெட்டியிலுள்ளதை ஒத்துப் பார்த்தல் நன்று. அறுவைச் சிகிச்சை அறையிலும் இவ்வழக்கம் உண்டு. ஆங்கு அது வீண் சடங்கு என எவரும் எள்ளுவதில்லை.

இவ்வேலைக்கெல்லாம் முன்னதாக, பிரதி ஒன்று வேறிடத்தில் உள்ளதா என்று பார்த்து, அதிலிருந்து இரண்டொரு கோப்பைத் திறந்தும் நோக்குதல் வேண்டும். பின்னரே கைவைத்தல் முறை.

ஓடும்பொழுதே கழற்றத்தக்க அமைப்பில்லாத இயந்திரமாயின், அதனை முறைப்படி நிறுத்தி, சுவரிலுள்ள மின்கம்பியையும் உருவிவிடுக. மின்சாரம் வழங்கும் பெட்டியைத் திறவற்க; கம்பியை உருவிய பின்னும் அதனுள் மின்சாரம் தங்கி நின்று தாக்கும். நம் உடம்பிலேயே தோன்றும் நிலைமின்சாரமும் அஞ்சத்தக்கது. மூவாயிரம் வோல்ட்டுக்குக் குறைந்தால் நமக்கு அது தெரிவதேயில்லை. நூறு வோல்ட்டுக்குக் குறைந்ததும் சில நுண்பகுதிகளைக் கெடுக்கவல்லது. ஆகவே மணிக்கட்டில் அதற்குரிய பட்டையை அணிந்து, நிலத்தோடு இணைந்த இரும்புச் சட்டத்தில் கொளுவிக்கொள்க. அப்பட்டையில் பத்து இலட்சம் ஓம் மின்தடை ஒன்று வைக்கப்பட்டிருக்கும். தற்செயலாய் மின்சாரக் கம்பியைத் தொட நேரினும் அணிந்தவரைக் காத்தற்கே அது உள்ளது. மலிவு கருதி வெறுஞ் செப்புக் கம்பியைக் கையிற் சுற்றிக்கொள்வோர் தம் உயிரையே பிணையாக வைக்கின்றனர்.

ஓடும்பொழுது கழற்றத்தக்கதாயின், டிஸ்க்கை அரை அங்குலம் மட்டும் வெளியே இழுத்து, சுழற்சி அடங்கச் சுமார் அரை நிமிஷம் பொறுத்துப் பின்னர் முழுதும் எடுக்க. சுழலும் பம்பரத்தைக் கையில் திருப்பினால் அது எதிர்த்துத் திமிறுதல்போல், சுழலும் தகடும் திமிறும். முனை தகட்டில் உராயும். புதிய டிஸ்க் பழையதன் கொள்ளளவுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். கொள்ளளவு ஒன்றேயாயினும் வகை வேறாகலாம். கூரையில் ஓடு வேய்வதுபோல் ஒரு வரியின்மேல் மற்றொரு வரி சிறிது படியும்படி எழுதும் வகை ஒன்றுண்டு. ஒரு வரியைத் திருத்த அடுத்த வரிகளையும் பெயர்த்து எழுதவேண்டியிருத்தலால், அது ரெயிட்டில் மிகவும் தாமதம் விளைக்கும். இவ்வகையை அடையாளமின்றியே சில கம்பெனியார் விற்றுவந்தமை 2020ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. வாங்குமுன் வினவுதல் தக்கது. இணைக்கும் வாய் அழுக்குற்றிருப்பின் பென்ஸில் ரப்பரால் தேய்க்கும் பழக்கம் நம் கடைகளில் உண்டு; அங்குள்ள பொற்பூச்சு மிக மெல்லியதாதலின் அது உரிந்துபோகும். ஐஸோப்ரொபைல் ஆல்கஹால் தோய்த்த மெல்லிய துணியே போதும். விசிறியைக் காற்றூதித் தூசு போக்குங்கால் அதன் இதழை விரலாற் பற்றிக்கொள்க. இன்றேல் அது அளவுக்கு மிஞ்சிச் சுழன்று கெடும்.

டிஸ்க்கைவிட ஆபத்தான உறுப்பு, மின்தடை நேருங்கால் உதவும் யூ.பி.எஸ். கருவியின் பாட்டரி. மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றாமல் அதனைத் தொடலாகாது. இரு முனைகளையும் ஒரு ஸ்பானர் தொட்டுவிட்டால் அது உருகுமளவு மின்சாரம் பாயும். லித்தியம் வகையாயின் கேடு பன்மடங்கு. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், தென்கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசாங்கத் தகவல் நிலையத்தில், லித்தியம் பாட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடக்கும்பொழுது தீப்பற்றிற்று. தீ அடங்கச் சுமார் 22 மணி நேரம் சென்றது. 600க்கு மேற்பட்ட அரசாங்கச் சேவைகள் நின்றன. நின்றவை மெல்ல மெல்ல மீண்டன. ஆயின் அரசாங்க ஊழியர் தம் அலுவற் கோப்புகளை இட்டுவைத்த 858 டெராபைட் சேமிப்பகம் மட்டும் மீளவில்லை. அவ்வளவு பெரியதற்குப் பிரதி எடுத்தல் இயலாதெனக் கருதி, வேறிடத்தில் பிரதி வைக்கப்படவில்லை. கல்வியிலும் கைத்தொழிலிலும் முன்னணியில் நிற்கும் ஒரு தேசத்துக்கு இது நேர்ந்தது. பாட்டரி மாற்றும் வேலையை அற்ப வேலை என ஒதுக்காமல், முதலில் மின்னிணைப்பைத் துண்டித்து, ஏற்றத்தைக் குறைத்து, டிஸ்க்குகள் இருக்கும் அறைக்குப் புறத்தே வைத்துச் செய்தல் வேண்டும். பாட்டரியும் டிஸ்க்கும் ஒரே அறையில் இருத்தலே நம் ஊரில் பெரும்பான்மை.

ரெயிட் இருக்கின்றதே, பிரதி எதற்கு என்பார்க்கும் இஃதே விடை. ரெயிட் ஒரு டிஸ்க்கின் சாவைத் தாங்கும். தீயையும், திருட்டையும், தவறாக இட்ட கட்டளையையும் தாங்காது. அழிக்கச் சொன்னால் நான்கு டிஸ்க்கிலும் ஒருமித்தே அழிக்கும். மூன்று பிரதி, இருவகைக் கருவி, ஒன்று வேறூரில் என்பது இத்தொழிலார் கொண்ட வழக்கு. ஆம்பூரில் தொழிற்சாலையும் வேலூரில் அலுவலகமும் உடையார், ஒன்றன் பிரதியை மற்றொன்றில் வைத்தற்குத் தனிச்செலவு மிகுதியாக ஆகாது. 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், கிட்லாப் என்னும் கம்பெனியில் ஊழியர் ஒருவர் தவறான இயந்திரத்தில் கட்டளையிட்டுச் செய்தித் தொகுதியை அழித்துவிட்டார். பிரதியெடுக்கப் பல ஏற்பாடுகள் இருந்தும், சோதித்தபொழுது அவை வேண்டியபடி உதவவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன், தற்செயலாய் எடுத்துவைத்த ஒரு பிரதியே அவர்களைக் காத்தது. அவ்வூழியரை ஒறுக்காமல், நடந்ததை நடந்தபடி உலகறிய அவர்கள் வெளியிட்டமை பாராட்டத்தக்கது. தவற்றை மறைக்கும் அலுவலகத்தில், டிஸ்க்கின் சிவப்பு விளக்கையும் எவரேனும் காகிதம் ஒட்டி மறைப்பர்.

கழற்றிய பழைய டிஸ்க் குப்பையன்று. கெட்டதெனினும் அதன் தகடுகளில் ஊழியரின் பெயரும் விலாசமும் வங்கிக் கணக்கும் நோயாளியின் படமும் அப்படியே உள்ளன. 2023ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், பிறர் செய்தியை வைத்திருப்போர்க்குப் பொறுப்பை விதிக்கின்றது. அதனைக் காயலான் கடையில் எடைக்குப் போடுதல் கூடாது. இயங்கும் நிலையிலுள்ளதாயின் முழுதும் மேலெழுதி அழித்தும், இயங்காததாயின் தகடுகளைத் துளைத்தோ நொறுக்கியோ சிதைத்தும், பின்னர் 2022ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்றவரிடமே கொடுக்க வேண்டும். தகடுகள் சில டிஸ்க்குகளில் கண்ணாடியாலானவை. கண்ணுக்குக் காப்பின்றிச் சுத்தியலால் அடித்தல் ஆகாது. கொடுத்த நாள், டிஸ்க்கின் வரிசை எண், கழற்றியவர், உடன் நின்றவர், அழித்த முறை ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி இருவரும் கையொப்பமிடுக. அப்பதிவேட்டை மட்டும் கம்ப்யூட்டரில் வையாது, காகிதத்தில் வைக்க.